செஸ் பள்ளத்தாக்கில் திரும்பிப் பாராமல்

ஒக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணியளவில் ஹரோ-ஒன்-த-ஹில் நிலையத்தில் ரயிலேறினோம். முதியோருக்கான பயண அட்டை ஒன்பது மணிக்குப் பின்னர் மெட்ரோபொலிட்டன் பாதையின் கடைசி நிலையம்வரை செல்லும் என்பதால் பயணச் செலவு ஏதுமில்லை. சோர்லிவுட்டில் இறங்கி, செஸ் என்ற சிற்றாற்றின் கரையோடு செஷம்வரை நடந்து, அங்கிருந்து ரயிலில் திரும்புவது திட்டம். நடை சுமார் ஏழு மைல். ஏற்றங்கள் கடுமையானவை அல்ல. ஆனால் மழைக்காலத்தில் வயல்வழிகள் கணுக்கால்வரை சேறாகிவிடும். கணுக்காலை மூடும் சப்பாத்து இல்லாமல் போகவேண்டாம்.

என்னுடன் வந்தவர்கள் இருவர்: என் மனைவியின் தங்கை சாந்தா, அவள் கணவர் ரவீந்திரன். இருவரும் இலண்டனின் தென்கோடியிலுள்ள மோர்டனிலிருந்து இருள் பிரியுமுன்பே புறப்பட்டு ஹரோவுக்கு வந்திருந்தார்கள். என் முதுகுப்பையில் தேநீர்க் குடுவையும் மழையங்கியும் என் மனைவியின் அஸ்தியும் இருந்தன. அஸ்தி இரண்டரைக் கிலோ.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிரியைகளை நானே செய்தேன். ஊரில் என்றால் முப்பத்தோராம் நாளுக்குள் கீரிமலைக் கடலில் அஸ்தியைக் கரைத்துக் காரியம் முடிந்திருக்கும். நான் பத்து மாதம் அதை வீட்டில் வைத்திருந்தேன். ஓய்வுபெறும்வரை நிலவியல் கற்பித்தவன் ஆகையால் என் அறையில் பாறைத்துண்டுகள் அடுக்கிய சுவர்த்தட்டு ஒன்று உண்டு. அதன் நடுவில் அஸ்தி நிரம்பிய பச்சை நிறக் குடுவை இருந்தது. உறவினர்கள் முதலில் குறிப்பாகவும் பின்னர் நேராகவும் சொல்லத் தொடங்கினார்கள். வீட்டில் வைத்திருந்தால் போகிறவர் போகமாட்டார் என்றார்கள். அதை மறுக்க நான் அவசரப்படவில்லை என்பதே உண்மை.

செஸ் நதிக்கரையை அவளே தெரிவு செய்திருந்தாள். நோய் முற்றுவதற்கு முந்திய ஆண்டு ஒரு மரப்பாலத்தில் நின்று, மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் குரலில், “என்னை இஞ்ச கொண்டுவந்து விடுங்கோ, இந்தத் தண்ணி கடைசியில கடலுக்குத்தானே போகுது” என்றாள். சரியான கணிப்புத்தான். செஸ் கோல்னில் கலக்கிறது, கோல்ன் தேம்ஸில், தேம்ஸ் கடலில். அந்தக் கரையின் உரிமையாளரிடம் முன்னரே எழுதி அனுமதி பெற்றிருந்தேன்.

சோர்லிவுட் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் காடு தொடங்குகிறது. பெரும்பாலும் பீச் மரங்கள். இலைகள் செம்பு நிறமாகி, பாதி மரத்திலும் பாதி மண்ணிலுமாக இருந்தன. மூடுபனி கிளைகளின் உயரத்தில் நின்றது. காட்டுக்கு அப்பால் இலண்டனைச் சுற்றியோடும் எம்-25 நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. ஓயாத, அலையின் இடைவெளிகூட இல்லாத ஓசை. பள்ளத்தாக்கில் இறங்கி ஒரு வளைவைக் கடந்ததும் அது முற்றாக நின்றது. மூவரும் ஒருகணம் தயங்கி நின்றுவிட்டோம்.

“என்ன, ரோட்டைப் பூட்டிப்போட்டாங்களோ?” என்றார் ரவீந்திரன்.

“மலை மறைக்குது” என்றேன்.

“மலை மறைக்கட்டும் அண்ணை. குருவியளும் எல்லே கத்தேல்லை.”

“விசர்க்கதை கதையாமல் நடவுங்கோ” என்றாள் சாந்தா.

செஸ் ஆறு, சாரட் என்ற இடத்தின் அடிவாரத்தில் எதிர்ப்படுகிறது. சுண்ணப்பாறைக்குள் ஆண்டுக்கணக்கில் ஊறி வெளிவரும் நீர். கோடையிலும் குளிரிலும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. அதனால் அன்று காற்றைவிட நீர் சூடாக இருந்தது. ஆற்றின் மேல் ஆவி எழுந்து அசைந்தது. முழங்கால் ஆழம். அடியிலுள்ள ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும் தெளிவு. ஒருகாலத்தில் வாட்டர்கிரெஸ் என்ற காரக்கீரையை வளர்த்து இலண்டனுக்கு அனுப்பிய ஆழமற்ற தடாகங்கள் கரையோரமாக உள்ளன. இப்போது அவற்றில் பாசியும் வானமும் மட்டுமே.

லாட்டிமர் கிராமத்துக்குச் சற்று முன்னர், வயலோரத்தில் தனியாக ஒரு செங்கல் சமாதி இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செங்கல் வியாபாரி ஒருவர், தேவாலய மண்ணில் புதைக்கவேண்டாம், என் சொந்தக் காணியிலேயே புதையுங்கள் என்று சொல்லி இங்கே கிடக்கிறார். பல ஆண்டுகள் கழித்து மனைவியும் பக்கத்தில் வந்து சேர்ந்தார் என்று கல் கூறுகிறது. மாடுகள் நெருங்காதபடி சுற்றிலும் அடைப்பு. அண்மையில் யாரோ புல்லை வெட்டியிருந்தார்கள். யார் என்று கேட்க ஆளில்லை. லாட்டிமர் கிராமத்துப் புற்றரையிலோ, போரிலிருந்து கொண்டுவரப்பட்ட குதிரையொன்றின் இதயத்தைப் புதைத்துக் கல் வைத்த மேடு இருக்கிறது.

“குதிரைக்கே கல் வைச்சிருக்கினம்” என்றார் ரவீந்திரன்.

“நீங்க எனக்கு என்ன வைப்பியள்?” என்றாள் சாந்தா.

“உமக்கோ? உம்மட வாய்க்குத் தனியா ஒண்டு வைக்கவேணும்.”

சாந்தா சிரித்தாள். பிறகு என் முதுகுப்பையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மரப்பாலத்தை அடையும்போது பதினொன்றரை மணியிருக்கும். பனி இறங்கி, மறுகரை தெரியாமல் போயிருந்தது. செய்யவேண்டியதை ஐயர் தொலைபேசியில் சாந்தாவுக்குச் சொல்லியிருந்தார். அவள் எனக்குச் சொன்னாள்.

“அத்தான், கரைச்சுப்போட்டு மூண்டுதரம் தண்ணியைத் தொட்டுக் கும்பிடுங்கோ. பிறகு திரும்பிப் பாக்கக்கூடாது. என்ன நடந்தாலும் பாக்கக்கூடாது. பாத்தால் அக்கா நிண்டிடுவா, இல்லாட்டிக் கூடவே வந்திடுவா. நேரா நடவுங்கோ.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“ரெயில் ஏறுமட்டும்.”

கரையில் குந்தியிருந்து குடுவையைத் திறந்தேன். இங்குள்ள தகனசாலை தரும் அஸ்தி சாம்பலன்று. அரைத்த எலும்பு, பருமணல் போன்றது. நீரில் விட்டதும் நுண்மையானது வெண்புகையாகக் கீழ்நோக்கி ஓடியது. பருத்தது ஓடவில்லை. நேரே அடியில் இறங்கி, கறுத்த கூழாங்கற்களின் மேல் ஓர் ஆள் நீளத்துக்கு வெள்ளையாகப் படிந்தது. பூக்களை விட்டோம், அவை போயின. வெள்ளை அங்கேயே கிடந்தது. இவ்வளவு மெதுவான நீர் அந்தப் பருமனைச் சுமக்காது என்பது என் முதலாண்டு மாணவர்களுக்கே தெரிந்த கணக்கு.

“போகுதில்லையே” என்றார் ரவீந்திரன், மிகத் தாழ்ந்த குரலில்.

“போகும். எழும்புங்கோ அத்தான்.”

மூன்றுமுறை நீரைத் தொட்டேன். எழுந்தேன். அவளை ஆற்றின் அடியில் அப்படியே கிடத்திவிட்டு, பார்க்காமல் நடப்பதே அப்போது என் முன்னால் இருந்த ஒரே காரியம். நடந்தேன். ரவீந்திரன் முன்னால், சாந்தா நடுவில், நான் கடைசியில்.

புல்வெளியின் முடிவில், அடுத்த வயலுக்கு வாசலாக, அகலமான ஓர் இரும்புப் படலை. இந்த நாட்டு வயல்வழிகளில் நடப்போர் காக்கவேண்டிய முதல் ஒழுங்கு, கடந்த படலையைச் சாத்திக் கொளுவியிடுவது. கொளுவியிடுவதற்குத் திரும்பவேண்டும். கடைசியாக வந்தவன் நான்.

“திரும்பாதேங்கோ!” என்றாள் சாந்தா, தானும் திரும்பாமலே.

கையைப் பின்னால் நீட்டி, தடவி, படலையைத் தள்ளிவிட்டேன். இரும்பு கம்பத்தில் மோதும் ஓசை கேட்டது. கொளுவி விழும் ஓசை கேட்கவில்லை. மீண்டும் தடவ முற்பட்டபோது சாந்தா என் கையைப் பற்றி இழுத்தாள்.

அடுத்த வயலில் நூறு அடிகூடப் போயிருக்கமாட்டோம். ஈரப்புல் மிதிபடும் ஓசை பின்னால் கேட்டது. நாங்கள் நின்றோம், அதுவும் நின்றது. நடந்தோம், அதுவும் நடந்தது. சாந்தா தேவாரம் ஒன்றை வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள். ரவீந்திரன் நடையை விரைவாக்கினார்.

அப்போது பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது.

என் மனைவி நுரையீரல் நோயால் இறந்தாள். கடைசி ஆறு மாதங்கள் எங்கள் வீட்டில் இரவும் பகலும் ஒலித்த இருமல் எனக்குத் தெரியும்: முதலில் வறண்ட இரண்டு, பிறகு மூச்சுக்கான இடைவெளி, பிறகு நீண்ட ஒன்று. பனிக்குள்ளிருந்து அதே வரிசையில் அது வந்தது. சாந்தாவின் தேவாரம் அறுந்தது.

“கேட்டனீங்களோ?”

“ஓம்.”

“திரும்பாதேங்கோ அத்தான். காலைப் பிடிக்கிறன், திரும்பாதேங்கோ.”

“திரும்பேல்லை, நடவும்.”

எதிரே பனியிலிருந்து ஒரு நாயும், நாயைப் பிடித்தபடி அறுபது வயது மதிக்கத்தக்க ஆங்கிலேயப் பெண்ணும் வெளிப்பட்டார்கள். அவர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை. எங்கள் தோள்களுக்கு மேலாக, எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

“படலையைத் திறந்தபடி விட்டுவிட்டீர்களா? இளங்காளைகள் எல்லாம் உங்கள் பின்னால் வருகின்றன. இந்த வயலுக்கு வேலி இல்லை. முன்னால் தெரு, வண்டிகள் பனியிலும் அறுபது மைல் வேகத்தில் வரும். நாயோடு நான் நெருங்கினால் மிரண்டு ஓடும். நீங்கள்தான் திருப்பவேண்டும்.”

ரவீந்திரன் சட்டென்று மலர்ந்தார். “மாடு! அண்ணை, மாடுதான்! நீங்க நில்லுங்கோ, நான் பாக்கிறன். நான் கரைக்கேல்லைத்தானே, எனக்குத் தோஷமில்லை.” திரும்பினார். உடனே மறுபடியும் எங்கள் பக்கம் திரும்பினார். “ஐயோ, உது மாடில்லை, யானை.”

“பயந்தாங்கொள்ளி!” என்றாள் சாந்தா. “கையை விரிச்சுக் கலையுங்கோவன்.”

“நான் கொழும்பில பிறந்தனான். எனக்குப் பால் போத்திலிலதான் வாறது. உந்த மாட்டுக்குத் தமிழ் விளங்குமோ என்னவோ!”

தெருவில் ஒரு வண்டி இரைந்து கடந்தது. வேலியில்லாத வயலின் விளிம்பு எங்களிலிருந்து முப்பது அடி. நான் திரும்பினேன்.

ஆறு காளைகள், மூக்கிலிருந்து ஆவி எழ, அரைவட்டமாக நின்றன. கடைசியில் நின்ற செம்மறைக் காளை தலையைத் தாழ்த்தி இருமியது: இரண்டு, இடைவெளி, ஒன்று. நான் கைகளை விரித்து மெதுவாக முன்னே நடந்தேன். அவை கலைந்தன, குழம்பின, பின்னர் வந்த வழியே போயின. சாந்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பனி என்னை மூடியபின் அவள் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. காளைகள் படலைக்குள் நுழைந்தன. நானும் அவற்றோடு உள்ளே நுழைந்து, கொளுவியைப் போட்டேன். வெளியே நின்றும் போட்டிருக்கலாம்.

பாலம் அங்கிருந்து நாற்பது அடி. விதி உடைந்தாயிற்று, பார்க்காமல் போவதில் இனிப் பொருளில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். கிடத்திய இடத்தில் அவள் கிடந்தால் அருகில் இருக்கலாம் என்பதே அந்த வாதத்தின் உள்ளே இருந்தது. கரைக்குப் போய்க் குனிந்தேன்.

நீரின் அடியில் கறுத்த கூழாங்கற்கள் இருந்தன. வெள்ளையின் தடம்கூட இல்லை. இடம் மாறிவிட்டதோ என்று பார்த்தேன். நான் குந்தியிருந்த புல் இன்னும் நிமிரவில்லை. நீர் மட்டம் அப்படியே இருந்தது, வேகமும் அப்படியே. கால் மணி நேரத்தில் இந்த நீர் அந்தப் பருமணலை நகர்த்தியிருக்க இயலாது. மேலே எங்கேனும் மதகு திறந்து மூடியிருக்கலாம் என்று பின்னர் எழுதி வைத்தேன். மதகு எதையும் நான் பார்க்கவில்லை.

நெடுநேரம் நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் இருவரில் திரும்பிப் பார்த்தவன் நான் மட்டுமே. போனவள் பார்க்கவில்லை.

படலைக்கு வெளியே இருவரும் கைகோத்தபடி நின்றார்கள். அந்தப் பெண் போய்விட்டிருந்தார்.

“ஆத்தடிக்குப் போனனீங்களோ?” என்றாள் சாந்தா.

“ஓம்.”

“என்ன பாத்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை. தண்ணிதான்.”

அவள் என் முகத்தைச் சற்றுநேரம் ஆராய்ந்தாள். என் கையிலிருந்த வெறுங் குடுவையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். மிகுதி இரண்டரை மைலையும் நடந்தோம். பனி விலகி, பீச் மரங்களின் உச்சியில் வெயில் தெரிந்தது. செஷம் கடைத்தெருவில் மூன்று தேநீரும் இரண்டு வாட்டிய பாண் துண்டும் பத்துப் பவுணுக்குச் சற்று மேல். தேநீர் நன்றாக இருந்தது.

கீரிமலையிலும் நிலம் சுண்ணம்தான். அங்கும் நன்னீர் பாறைக்குள்ளிருந்தே கடலோரத்தில் ஊறி வருகிறது. ஆனால் அங்கே ஓர் அலை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். கேணியில் முழுகிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கடலுக்குத் தாமதம் தெரியாது. இங்கே ஆறு சிறியது, கடல் தொலைவு. இவ்வளவு சிறிய ஆறு என்பதால் காத்திருப்பாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

செஷத்திலிருந்து புறப்படும் ரயில் ஒற்றைப் பாதையில் காட்டுக்குள் நுழையும்போது ரவீந்திரன் தொண்டையைச் செருமினார்.

“அண்ணை, வருசம் முடிய ஆட்டத்திவசத்துக்கும் இஞ்சதானே வாறது? அப்ப வெயில் எண்டால் நல்லாயிருக்கும்.”

“இல்லை” என்றேன். “அவ இஞ்ச இல்லை.”