பால்வெட்டும் பெரியவர் பிரிவும்

பிரேமலா தம்போய் ஊரில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் வேலை செய்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே என்ன வேலை என்பதுதான் மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் "கியூசி, சரக்கைச் சரிபார்க்கிறது" என்று ஒரே பதிலைக் கைவசம் வைத்திருந்தாள். பத்தொன்பது வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியே ஈயப் பற்றுகளைப் பார்த்துக் குறை கண்டுபிடித்தவள் ஆகையால் எல்லாரும் நம்பினார்கள். தொழிற்சாலை மூட்டையைக் கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது, பிரேமலா மட்டும் வேறெங்கோ கியூசியாகவே தொடர்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கம்பெனி பஸ் ஓட்டும் கணவர் திருச்செல்வமும் அப்படித்தான் நினைத்தார்.

அது முழுப்பொய்யும் இல்லை. இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஒரு பெரிய கடைக்கு உலகமெங்கும் இருந்து ஆட்டங்கள் வந்து குவிகின்றன. எதை எல்லாருக்கும் விற்கலாம், எதை வயது வந்தோருக்கு மட்டும் விற்கலாம், எதை விற்கவே கூடாது என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வேலையை இன்னொரு கம்பெனியிடம் விட்டார், அது இன்னொன்றிடம் விட்டது, அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசியில் டயர் கடையின் மேல்மாடிக்கு வந்து சேர்ந்தது.

அவள் இதில் மாட்டியது ஒரே ஒரு சொல்லால். நேர்முகத் தேர்வில் ஒரு பெண்மணி, "சென்சிடிவ் விஷயமெல்லாம் பார்க்க வேண்டி வரும், உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இந்த நாட்டில் சென்சிடிவ் என்றால் என்ன என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும்: இனம், சமயம், அரண்மனை. இந்த மூன்றையும் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பதில் பிரேமலாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வருட அனுபவம். "நோ புரோப்ளம் லா. பார்த்தாலும் வெளியில ஒருத்தர்கிட்டயும் பேச மாட்டேன்," என்றாள். பெண்மணி அசந்துபோனாள். முந்தின நாள் வந்த இளசுகள் எல்லாரும் அந்தக் கேள்விக்கு நெளிந்தார்களாம். அன்றைக்கே வேலை உறுதியாயிற்று.

முதல்நாள் காலை ஒன்பது மணிக்குத் திரையில் வந்தது இனமும் இல்லை, சமயமும் இல்லை. அரண்மனை என்று சொல்ல ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில் இருந்தவர்களைச் சரியாகப் பார்ப்பதற்குள் பிரேமலா கைப்பையை அணைத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை இனி எந்தத் தொழிற்சாலை எடுக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஒரு மாதத்தில் பழைய கண் திரும்பிவிட்டது. திரையில் யார் என்ன செய்தாலும் அவளுக்கு அது ஈயப் பற்றுதான். இடது கையில் ஆறு விரல், மூன்றாம் கட்டத்தில் தொப்புள் காணோம் என்று குறித்துவைப்பாள். அதைக் கேட்கிற பெட்டி படிவத்தில் இல்லை என்று மேற்பார்வையாளன் குணாளன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். முப்பது வயதுப் பையன், நல்லவன்.

அவள் பத்தொன்பது வருடம் பார்த்த தொழிற்சாலையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஆட்டம் செய்தவர் முதலில் நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு ஓர் இயந்திரம் படங்களையும் சொற்களையும் படித்துப் பார்க்கும். அதற்குச் சந்தேகம் வந்தாலோ, ஆட்டம் செய்தவர் மேல்முறையீடு செய்தாலோ பிரேமலாவிடம் வரும். நிஜமாகவே ஆபாச ஆட்டம் விற்கிறவர்களுக்கு அந்த நாற்பது கேள்வியும் மனப்பாடம். அவர்கள் தாள்களில் ஒரு குறை இருக்காது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாஸாகிவிடும். மாட்டுவதெல்லாம் ஒன்றும் தெரியாத அப்பாவிகள்தான்.

நடுநடுவே சுற்றறிக்கை வரும். ஒரு வாரம் வெள்ளிக்கிழமை வரை சரியாக இருந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் திங்கட்கிழமை கடையில் இல்லை.

"தம்பி, இதையெல்லாம் யார்தான் முடிவு பண்றாங்க?" என்று கேட்டாள்.

"கடைதான் கா," என்றான் குணாளன்.

"கடை அனுப்பின லெட்டர்ல கார்டு கம்பெனி சொல்லுச்சுன்னு போட்டிருக்கே."

"ஆமா. கார்டுல காசு வாங்க விடமாட்டோம்னு சொன்னா கடை என்ன பண்ணும்?"

"கார்டு கம்பெனிக்கு யார் சொன்னா?"

"அவங்க சட்டம்னு சொல்றாங்க."

"எந்த ஊர்ச் சட்டம்?"

"அக்கா, நீங்க டிக் போடுங்க லா."

போன பிப்ரவரியில் அந்த ஆட்டம் வந்தது. பெயர் 'பால்வெட்டு'. பாலியல் சொற்கள் இருநூற்றுப் பதினான்கு இடங்களில், வயது வந்தோருக்கு மட்டும், சந்தேகமே வேண்டாம் என்று இயந்திரம் எழுதியிருந்தது. பிரேமலா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

விடிந்தும் விடியாத தோட்டம். வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். ஒரு பெண் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் மரத்தைக் கீறிப் பால் இறக்கும் வளைந்த கத்தியோடு நிற்கிறாள். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால் வரை பூட்ஸ். அந்தக் கடையில் மூன்று வருடமாகப் பிரேமலா பார்த்த ஆட்களிலேயே அதிகமாக உடுத்தியிருந்தவள் அவள்தான்.

இயந்திரத்துக்கு யாரோ இலக்கணம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆண்பால், பெண்பால் வரைக்கும் படித்துவிட்டு அது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது. பால் என்று வந்த இடத்திலெல்லாம் பாலியல் என்ற அந்த ஓர் அர்த்தத்தையே போட்டு ஆங்கிலத்தில் மாற்றியிருந்தது. "இன்னிக்கிப் பால் எப்படி?" என்று ஆட்டத்தில் ஒருத்தி கேட்கிறாள். "ராத்திரி மழை, பால் கம்மி," என்கிறாள் மற்றவள். எல்லாரும் வாளியோடு வரிசையில் நிற்கக் கணக்கெழுதும் கிராணி ஒவ்வொருத்தர் பாலாக நிறுக்கிறார். இதையெல்லாம் ஆங்கிலத்தில் படித்தபோது பிரேமலாவுக்கே காது சூடாகிவிட்டது. மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலுக்கு அது செய்த மொழிபெயர்ப்பைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல முடியாது.

சிரிப்பு வந்தது. ஆட்டம் செய்தவரின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. லோஷினி, தம்போய். கோயில் மகளிர் பிரிவுச் செயலாளர் புஷ்பவள்ளியின் மகள்.

லோஷினி சிங்கப்பூரில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்து ஏதோ விளையாட்டுச் செய்கிறாள் என்று புஷ்பவள்ளி கோயிலில் சொல்லிச் சொல்லி அழாத வெள்ளிக்கிழமை இல்லை. இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் இப்போது பிரேமலாவின் திரையில் இருந்தது. வயது வந்தோர் முத்திரை நிலைத்துவிட்டால் இந்த நாட்டில் அது கண்ணிலேயே படாது; யாருக்காகச் செய்தாளோ அவர்களுக்கே காட்ட முடியாது. மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான். லோஷினி அதையும் போட்டுவிட்டாள். "அது மரத்துப் பால். தயவுசெய்து யாராவது தமிழ் தெரிந்தவர் பாருங்கள்," என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பிரேமலா குணாளனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அலமாக்," என்று திகைத்தான் அவன். "சொல்லை மாத்தச் சொல்லுவோம் கா. ரப்பர்னு போடட்டும்."

இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி சிவப்பாயிற்று. அமெரிக்காவில் ஆணுறைக்கு அது செல்லப்பெயராம்.

"சரி, லேடெக்ஸ்."

அதுவும் சிவப்பு. லேடெக்ஸில் உடுப்புத் தைத்துப் போட்டுக்கொண்டு செய்கிற சமாச்சாரங்களுக்குக் கடையில் தனி அலமாரியே இருக்கிறது. அந்த அலமாரியைச் சரிபார்த்தவளே பிரேமலாதான்.

"மலாய்ல போடுவோம். சுசு கெத்தா."

சுசு என்று அடித்து முடிப்பதற்குள் சிவப்பு வந்துவிட்டது. மலாயில் பாலும் சுசுதான், மார்பும் சுசுதான். குணாளன் தலையைச் சொறிந்தான். இந்த மாநிலத்தில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட ஒரு பொருளை எந்த மொழியில் சொன்னாலும் ஆபாசம் என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று.

"ஒரு வழி இருக்கு கா," என்றான் கடைசியில். "தாய்மொழியில அந்தச் சொல் தெரிஞ்சவங்க சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவாங்க. ஆனா அந்த லெட்டர் அப்படியே கேம் செஞ்சவங்களுக்கும் போகும். உங்க முழுப்பேரு, பதவி எல்லாம் இருக்கும்."

பதவி என்ன என்று அவளுக்குத் தெரியும். சீனியர் ரிவியூவர், அடல்ட் கன்டென்ட்.

கடிதம் லோஷினிக்குப் போகும், லோஷினி அம்மாவிடம் காட்டுவாள், புஷ்பவள்ளிக்குத் தெரிந்தால் அதை ஒலிபெருக்கியில் அறிவித்த மாதிரி. வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் கண்ணை மூடிப் பாடுகிற பிரேமலா திங்கள் முதல் வெள்ளி வரை கண்ணைத் திறந்து என்ன பார்க்கிறாள் என்று ஊரே பேசும். திருச்செல்வம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? கையெழுத்துப் போடாமல் விட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. இயந்திரம் சொன்னது, நான் என்ன செய்வேன் என்று இருந்துவிடலாம். கடை அப்படித்தான் இருக்கிறது, கார்டு கம்பெனியும் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அந்த ஆட்டத்தை இன்னொரு தடவை திறந்தாள். பூட்ஸ் போட்ட அந்தப் பெண்ணின் பக்கத்தில், வயது வந்தோருக்கு மட்டும் என்று பட்டையாக எழுதியிருந்தது. பிரேமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் அம்மாவை யாரோ நடுத்தெருவில் நிறுத்திக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டின மாதிரி இருந்தது.

படிவத்தை எடுத்தாள். 'இந்தச் சொல்லின் பொருள் உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கேள்வி. எழுதினாள்:

"என் தாயார் கருப்பாயி காஹாங் ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பால் வெட்டினார். அது மரத்திலிருந்து வரும். வெள்ளையாக இருக்கும். மகா நாற்றம் நாறும். வேலை முடிந்து அவர் வீட்டுக்குள் வந்தால் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவேன். அந்தச் சொல்லில் நாற்றம் உண்டு, ஆபாசம் இல்லை."

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அன்றைய அடுத்த ஆட்டத்தைத் திறந்தாள். அதில் ஒருவனுக்கு இரண்டு வலது கால்.

எட்டு நாளில் முடிவு வந்தது. 'பால்வெட்டு' எல்லா வயதினருக்கும். கத்தி வருவதால் சிறு எச்சரிக்கை மட்டும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பிரேமலா கோயிலுக்குப் போகாமல் இருக்கத் தலைவலி, கால்வலி எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். திருச்செல்வம் விடவில்லை. மாலைப் பூசை முடிந்து எல்லார் கையிலும் சுண்டல் வந்த நேரம், புஷ்பவள்ளி ஒலிவாங்கியைப் பிடித்தார். இன்னொரு கையில் கடிதம். கண்ணாடித்தாள் ஒட்டி லேமினேட் செய்தே கொண்டுவந்துவிட்டார்.

"என் மகளோட கேம் பாஸாயிடுச்சு! பாஸ் பண்ணி வச்சது யாரு தெரியுமா? இங்கதான் நிக்கிறாங்க, ஒண்ணும் தெரியாத மாதிரி. பேரைப் படிக்கிறேன் கேளுங்க. பிரேமலா மூர்த்தி. சீனியர் ரிவியூவர். அடல்ட் கன்டென்ட்."

பிரேமலா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். சுண்டல் கையிலேயே நசுங்கியது. திருச்செல்வம் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அடல்டா?" என்றார் முன்வரிசையில் இருந்த வாசுகி. "அப்படின்னா என்ன?"

"இதுகூடத் தெரியாதா? அடல்ட்னா பெரியவங்க. சீனியர்னா அதைவிடப் பெரியவங்க. சீனியர் சிட்டிசன்னு சொல்றாங்கல்ல, அது. நம்ம பிரேமலா மூணு வருஷமா வயசானவங்களுக்காக உழைச்சுக்கிட்டு இருக்காங்க. நம்மகிட்ட வெறும் கியூசின்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு அடக்கம் பாருங்க!"

கைத்தட்டல் கோயிலை அதிரவைத்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் திருச்செல்வம். அங்கேயே பிரேமலாவுக்குப் பொன்னாடை போர்த்தி, கோயிலின் முதியோர் பிரிவுக்குப் பொறுப்பாளராகவும் ஆக்கிவிட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. செருப்பு வைக்கும் இடத்தருகே லோஷினி மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

கார் நிற்கும் இடத்துக்குப் பிரேமலாவின் பின்னாலேயே லோஷினி ஓடி வந்தாள்.

"ஆண்டி, நன்றின்னு சொன்னா அது ரொம்பச் சின்ன வார்த்தை. உங்க அம்மாவைப் பத்தி எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் இன்னும் அடங்கவில்லை. "ஆனா ஒரு சொல்லுக்குத் தப்பா அர்த்தம் போட்டாங்கன்னு அவ்வளவு தூரம் எழுதினீங்க. இங்க எங்கம்மா சொன்னப்ப மட்டும் பேசாம நின்னுட்டீங்களே?"

பிரேமலா பொன்னாடையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"ஒருத்தருக்கு ஒரு அப்பீல்தான் லோஷினி. என்னோடதை உன் பாலுக்குப் போட்டுட்டேன்."