தூக்கிய புருவம்

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் எங்கள் பனியன் கம்பெனிக்கு அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன்காரர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். குட்டை ஆள். படிய வாரிய தலை, கழுத்தில் சிலுவை, பெல்ட்டில் இரண்டு செல்போன். லாட் ரிஜெக்ட் ஆனால் முதலில் போவது செக்கிங் சூப்பர்வைசரான என் வேலைதான். அதனால் அவர் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

முதல் பெட்டியைப் பார்த்து முடித்தார். "ஓகேங்களா சார்?" என்றேன். இரண்டு புருவத்தையும் தூக்கினார். ஏதோ குறை கண்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு வேறு பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். அதற்கும் புருவம். இப்படியே பதினோரு பெட்டி.

பையர்களிடம் பேசும் எங்கள் மெர்ச்சண்டைசர் அம்மிணி வந்து அவரிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்ண்ணா, அவங்கூர்ல புருவத்தைத் தூக்குனா ஆமான்னு அர்த்தமாமுங்க! முதப் பெட்டியே பாஸுங்களாமா. பாஸான பொறவும் இந்தாளு எதுக்கு பிரிச்சுக்கிட்டே இருக்காருன்னு அவருதான் பயந்துட்டாருங்க."

அவர் ஏதோ சொன்னார். அவள் தமிழில் சொன்னாள்: "அவரு பேரும் சிலுவையும் அவங்கூரை ஆண்ட ஸ்பெயின்காரன் குடுத்ததாமுங்க. இங்கிலீஷ் அதுக்குப் பொறவு ஆண்ட அமெரிக்காக்காரன் குடுத்ததாமா. புருவம் மட்டும் சொந்தச் சரக்காமுங்க."

"நெசமாலுங்களா சார்?" என்றேன்.

தூக்கினார்.

அன்றைக்கே கன்டெய்னர் கிளம்பியது. மறுவாரம் முதலாளியிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். அவர் புருவத்தைத் தூக்கினார். பிலிப்பைன்ஸ்காரரை மனதில் நினைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு என் சொந்த ஊர் கொமரலிங்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.