சுவரில் முளைத்த ஆல்

என் கோபம் சட்டென்று வராது. வந்தால் லேசில் போகவும் போகாது.

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு சின்னக் காடு இருக்கிறது. காயா, வீரை, களா, புடவையைப் பிடித்து இழுக்கும் சூரை முள். அதன் நடுவில் ஓர் ஆலமரம் நின்றது. என்றோ ஒரு பறவை பனைமட்டை இடுக்கில் போட்ட எச்சத்தில் முளைத்து, மெல்ல வேரை இறக்கி, கடைசியில் அந்தப் பனையையே விழுங்கிய மரம். பழக்காலத்தில் மைனா, குயில், பச்சைப்புறா, மரநாய் எல்லாவற்றுக்கும் அங்கேதான் சாப்பாடு. வேலை முடிந்து வந்ததும் டீகூடக் குடிக்காமல் போய் நிற்பேன்.

கோயிலுக்குச் சிமெண்டு மண்டபம் கட்ட அதை வெட்டியவன் என் பக்கத்து வீட்டுக்காரன். திருப்பணிக் குழுவுக்கு அவன்தான் தலைவர். வெட்டிய அன்று பழந்தின்னி வௌவால்கள் பட்டப்பகலில் திக்குத் தெரியாமல் சுற்றின. தாய் வயிற்றைப் பிடித்திருந்த குட்டிகள் புழுதியில் விழுந்தன.

"நிறுத்துடா, குட்டிங்க வுழுது!" என்று கத்தினேன்.

"வவ்வாலுக்கெல்லாம் பாத்தா இன்னா வேலக்கா நடக்கும்?" என்று சிரித்தான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். உன்னை விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மழைக்கு அவன் புது வீட்டின் பின்சுவரில், மேல்தள விரிசலில் ஓர் ஆலங்கன்று எட்டிப் பார்த்தது. துணி காயப்போடும்போது முதலில் பார்த்தது நான்தான். சில வாரம் கழித்து அவனும் பார்த்து, பிடுங்க ஏணி போட்டான். மரத்தை வெட்டிய பிறகு அவன் வீட்டு போர்வெல் மோட்டார் இரண்டு முறை புகைந்திருந்தது. சாமி குத்தம் என்று அவன் மனைவியே புலம்பிக்கொண்டிருந்தாள்.

மாடியிலிருந்து குரல் கொடுத்தேன்: "கை வைக்காதடா. அது கோயில் மரத்து வித்து. ஐயனாரே உன் வூடு தேடி வந்திருக்காரு."

ஏணியை விட்டு இறங்கிவிட்டான். மறுநாள் கன்றுக்கு மஞ்சள் துணி, குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் அவனே குடத்தில் தண்ணீர் ஊற்றினான். பார்க்கப் பார்க்க எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. வேர் பூச்சுக்குள் நுழைந்து, விரல் கனமாகி, மணிக்கட்டுக் கனமாகிக் கீழே இறங்கியது. பாவம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றியதாக எழுதினால் பொய்.

போன மாதம் என் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, செவுரு வுட்டுப்போச்சு. உள்ள கை போற அளவுக்கு வெடிப்பு. கொத்தனாரு பாத்தாரு. வேர வெட்டுனா செவுரே வந்துரும், வுட்டாலும் வந்துருங்கிறாரு."

"அந்தப் பக்கம் யாரு படுக்கிறாங்க?"

"அம்மாதான்க்கா. எந்திரிக்க முடியாம இருக்குதே."

நான்கு வருடமாக வெளியிலிருந்தே பார்த்த நான், அந்தச் சுவருக்குப் பின்னால் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"முதல்ல அம்மாவ ஹாலுக்கு மாத்து. இப்பவே. வா, நானும் பிடிக்கிறேன்."

இருவருமாகக் கட்டிலோடு தூக்கி மாற்றினோம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, நல்லா இருக்கணும் என்று வாழ்த்தினாள். வெளியே வரும்போது அவன் கேட்டான்: "அப்ப மரத்த இன்னா பண்றதுக்கா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். வாய்வரை வந்தது.

"சாமிய நாம இன்னாடா பண்ண முடியும்?" என்றேன்.