தம்பிக்குக் கிடைத்த தனி அறை

என் தம்பிக்கு ஏழு வயதிலேயே தனி அறை கிடைத்துவிட்டது. எனக்கு இருபத்தொரு வயதாகிறது. விடுதியில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பியின் அந்த அறை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தனிமை வார்டில் இருந்தது என்பதையும், அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதில் நியாயம் யாருக்கு வேண்டும்?

ஆரணியில் எங்கள் வீட்டில் பாதி இடம் தறிக்கு. மிச்சப் பாதியில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் அக்காவான அத்தை என்று ஐந்து பேர். குழித்தறி அது. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, அப்பா மிதிக்கட்டையை மிதித்து மிதித்து நெய்வார். பக்கத்தில் அம்மா, சேலையில் குறுக்கே ஓடும் ஊடைநூலை ராட்டையில் சுற்றுவாள். அம்மாவின் மடியில் தம்பி இருப்பான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தால், "நூல மெதிச்சிடப் போற, அப்டி ஓரமா போய்ப் படி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று எனக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

ஒரு மழைக்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து வீங்கியது. மூச்சு விட்டால் உள்ளே யாரோ விசில் ஊதுவது போலச் சத்தம் கேட்டது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை ஆ காட்டச் சொல்லி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்ததும், தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா என்று சொல்லி உடனே வேலூருக்கு அனுப்பிவிட்டார். அதுவும் எதில்? சைரன் வைத்த வண்டியில். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்ட ஒரே வண்டி அது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், கதவு மூடியது, விளக்கு சுழன்றது. நான் அத்தையின் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வண்டி தெரு முனை திரும்பும் வரை அம்மா கதவுக் கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். நோயாளியோடு இருந்தவர்களுக்கும் தொற்றியிருக்கலாம் என்று எங்கள் எல்லோருக்கும் ஊசி போட்டார். வேளை தவறாமல் விழுங்கச் சொல்லி ரோஸ் நிறத்தில் மாத்திரைகளும் கொடுத்தார்.

"முழுங்கலன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"இன்னா ஆவும்? ஒன் தம்பி மாதிரி நீயும் வேலூருக்குப் போய்ப் படுத்துகினு இருப்ப."

அவர் மிரட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

அடுத்த நாள் அப்பா என்னையும் வேலூருக்குக் கூட்டிப்போனார். கண்ணமங்கலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். இப்போது நான் நர்சிங் படிக்கிறேன். போன மாதம் முழுக்க எனக்குத் தனிமை வார்டில்தான் பயிற்சி. அன்று அப்பாவுக்கு வாசலில் சொன்ன அதே விதிகளை இப்போது நான் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறேன். நோயாளியோடு ஒருவர் மட்டும் தங்கலாம். டாக்டர் சொல்லும் வரை அவரும் வெளியே வரக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகத்தான் போகவேண்டும். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் அங்கியையும் முகக்கவசத்தையும் மாட்டிக்கொள்ள வேண்டும். கட்டில்மேல் உட்காரக்கூடாது. திரும்பும்போது அங்கியைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுவிட்டு மறுபடி கழுவவேண்டும். உள்ளே போன சாமான் எதுவும் வெளியே வராது. சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடையாது.

கடைசி விதியால் நான் வெளியே நின்றேன். வார்டுக்குப் பின்பக்கம் ஒரு வேப்பமரம். அதை ஒட்டித் திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் கட்டில். அவனுக்கென்று ஒரு மின்விசிறி. ரப்பர் கையுறையை ஊதிக் கட்டி, அதில் பூனை முகம் வரைந்து யாரோ கொடுத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், நூல் இல்லாமல், ராட்டை இல்லாமல், வேறு எந்த வேலையும் இல்லாமல் அம்மா. முழு அம்மா. கிண்ணத்தில் குழைந்த கஞ்சியை வைத்துக்கொண்டு, "ஆ காட்டு, ஆ காட்டு" என்று அவன் முகத்துக்கு நேரே குனிந்திருந்தாள். குரல் கேட்கவில்லை, வாயசைவே போதுமாக இருந்தது. அப்பா அங்கி மாட்டி உள்ளே போனபோது அவர் கையில் என் காந்த மூடி போட்ட பென்சில் பெட்டி இருந்தது. தம்பி கேட்டானாம். உள்ளே போன சாமான் வெளியே வராது என்று சொன்னேன் அல்லவா? இன்றுவரை வரவில்லை.

அப்பா தன் போனை என்னிடம் விட்டுப்போயிருந்தார். அம்மா உள்ளிருந்து தன் பட்டன் போனில் கூப்பிட்டாள்.

"மாத்திர போடுறியா?"

"ம்."

"எங்க, ஆ காட்டு."

நான் திகைத்துப்போனேன். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, அதன் தலையில் இருந்த டார்ச்சை, பட்டப்பகலில், கண்ணாடி வழியாக என் முகத்துக்கு நேரே அடித்தாள். பிறகு மறுபடி "ஆ" என்று செய்து காட்டினாள். பின்னால் கட்டிலில் தம்பி கஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தான். கஞ்சி அவனுக்கு, ஆ மட்டும் எனக்கா? வாயை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தை மாத்திரையோடு எதிரே நின்று, "ஜல்தி முழுங்கு, பேஜார் பண்ணாத" என்பாள். நான் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பேன். அப்பா டீ குடிக்க எழுந்ததும் தறிக்குழியின் மூலையில், மிதிக்கட்டைக்குப் பின்னால் துப்பிவிடுவேன். எங்கள் வீட்டில் யாரும் குனிந்து பார்க்காத இடம் அது ஒன்றுதான். தினமும் காலையில் எழுந்ததும் எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். வலிக்காது. பெரிய ஏமாற்றமாக இருக்கும். அம்மா இல்லாததால் ஊடைநூல் சுற்றும் வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. ஒருவனுக்குத் தொண்டை வலித்தால் இன்னொருத்திக்கு ஏன் கை வலிக்க வேண்டும் என்று ராட்டையைக் கேட்டுக்கொண்டே சுற்றினேன்.

நான்காம் நாள் அப்பா தறியிலிருந்து அலறிக்கொண்டு எழுந்தார். அவர் குதிகால் ரோஸ் நிறத்தில் இருந்தது.

மழை ஈரம் ஊறிய குழியில் மாத்திரையின் மேல்பூச்சு கரைந்திருக்கிறது. நெசவாளிக்கு அப்படித் தோன்றுமா? தறியில் ஓடிக்கொண்டிருந்தது ரோஸ் நிறக் கல்யாணச் சேலை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் சாயம் போகிறது, மொத்தப் பட்டும் வீண் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தக் காலோடு நேராகச் சாயக்காரர் வீட்டுக்கு ஓடி, தெருவே கேட்கச் சண்டை போட்டு, அவரைக் கையோடு இழுத்து வந்தார்.

"இத்தினி வருசமா சாயம் போட்டுகினு இருக்கேன், ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல. நவுருய்யா, நான் பாக்கறேன்!"

சாயக்காரர் பாவின் ஓரத்து இழையை எச்சில் தொட்டு ஈரமாக்கித் தன் வெள்ளை பனியனில் தேய்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. அதை அப்பாவுக்கும், வாசலில் கூடியிருந்த கூட்டத்துக்கும் காட்டினார். பிறகு தரையில் படுத்துக் குழிக்குள் கையை விட்டுத் துழாவினார். கை வெளியே வந்தபோது, பாதி கரைந்த என் மாத்திரைகள் அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏம்பா, என் சாயம் குட்டி போடுமா? பார், மாத்திர மாத்திரயா போட்டு வெச்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும்மா?"

"எனுக்கும் வேலூரு போவணும். அம்மா என்கூட இருக்கணும்."

அடி விழும் என்று கன்னத்தை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா காலைக்கூடக் கழுவாமல் என்னைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினார். தூக்கிக்கொள்ளும் வயதைத் தாண்டியவள் நான். அவர் தோளில் இருந்து தெருவைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது. சிஸ்டர் பஞ்சுக்குச்சியால் என் தொண்டையைத் துடைத்து எடுத்தார். பரிசோதனை முடிவு வர நாளாகும் என்றார். அப்பா அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தார்.

முடிவு வந்தபோது எனக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. தம்பியும் சில வாரங்களில் தேறி, பூனை முகக் கையுறை வரவில்லையே என்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். அவனுக்குப் புதுப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கும்தான், ஆனால் அவனுடையதில் இரண்டு பக்கமும் காந்தம்.

நான் சொல்ல வந்தது மாத்திரை பிடிபட்டதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை. முடிவு இன்னும் வரவில்லை. அப்பா மறுபடி என்னை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். இந்த முறை உள்ளே போகவில்லை, என் பின்னாலேயே நின்றார். அம்மா ஏற்கெனவே கண்ணாடியோடு ஒட்டி நின்றிருந்தாள். கிண்ணம் கையில் இல்லை. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும். அவ்வளவு நேரமாவது என்னைப் பற்றிப் பேசுவாள்.

அவள் டார்ச்சைத்தான் போட்டாள். வாயைத் திறந்து காட்டினாள். கண்ணாடியில் அவள் மூச்சு படிந்து புகைந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடி புகைந்தது, மறுபடி துடைத்தாள்.

"காட்டும்மா" என்றார் அப்பா. அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

நான் உதட்டை மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டேன். இத்தனை நாளில் முதல்முறையாக அம்மாவுக்கு என்னிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கொடுக்காமல் இருப்பது என் கையில் இருந்தது. அந்தச் சின்ன வெளிச்சம் என் மூடிய வாயின்மேல் இப்படியும் அப்படியுமாக அலைந்துகொண்டே இருந்தது. நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.