அண்ணனுக்குப் பார்த்த ஹோட்டல்

எங்கள் எதிர்வீட்டு மார்கரெட்டுக்கு ஒரே ஒரு அண்ணன். வருடத்துக்கு ஒருமுறை தங்கையைப் பார்க்க ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு டொராண்டோவுக்கு வருவார். வந்தால் அவள் வீட்டில் தங்கமாட்டார். வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்க, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் தங்கிக்கொண்டு, காலையில் குளித்து முழுகி வந்து வாசலில் மணியடிப்பார். நாங்கள் குடிவந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு மனது கேட்கவில்லை. ஒருநாள் வேலியோரம் நின்று, "உங்களுக்குள் ஏதாவது சொத்துத் தகராறா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவள் விழித்தாள். பிறகு, "இல்லையே, அந்த மோட்டலில் காலையில் தரும் வாஃபிள் அவனுக்குப் பிடிக்கும்," என்றாள். கூடப்பிறந்தவளைவிட வாஃபிள் பெரிதாகப் போன ஊர் என்று அன்றைக்கு என் மனைவி வசந்தாவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் போன வருடம் பலன் கிடைத்தது.

என் அண்ணன் கலியபெருமாளின் மகள் மலர் அமெரிக்காவில் இருக்கிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க அண்ணனும் அண்ணியும் அவளிடம் வந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மலர் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா உங்க ஊரைப் பாக்கணுங்கறாங்க. அம்மா புள்ளையப் பாத்துக்குவாங்க, நான் கார்ல கூட்டிட்டு வரேன். ரெண்டு நாள்தான். டவுனுக்குள்ளயே நல்ல ஹோட்டலா நீங்களே பாத்து வைப்பீங்களாம். பக்கத்துலயே நல்ல சாப்பாடு கெடைக்கணுமாம். இதே மாதிரி சொல்லச் சொன்னாங்க."

இதே மாதிரி என்று ஏன் சொல்லச் சொன்னார் என்பது மலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவை என் வார்த்தைகள். ஊருக்குப் போன நான்கு முறையும் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "கும்மோணம் டவுனுக்குள்ளயே நல்ல லாட்ஜா பாத்துட்டேன். பக்கத்துலயே நல்ல மெஸ் இருக்கு," என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான். திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் லாட்ஜுக்கு அரைமணி நேரப் பயணம். பிறந்த வீட்டுக்கு அத்தனை அருகில் அந்நியனாகப் படுத்துக் கிடந்துவிட்டு விமானம் ஏறுவேன்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். பெண் பார்க்கப் போனால், சம்பந்தம் முடிவாகும்வரை அங்கே கை நனைக்கமாட்டார்கள். சண்டை வந்தாலும் அப்படித்தான். நல்லது கெட்டதுக்குப் போய்த் தலையைக் காட்டலாம், பேசலாம், அழக்கூடச் செய்யலாம். கை நனைக்கவில்லை என்றால் உறவு அறுந்தது அறுந்ததுதான். அண்ணன் என் வீட்டில் கை நனைக்கப் போவதில்லை என்பதை மகள் வாயால், என் வார்த்தையாலேயே, எனக்குச் சொல்லியனுப்பிவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல, "சரிம்மா, பாத்து வைக்கிறேன்," என்று போனை வைத்தேன். எனக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. இத்தனை வருடம் நான் வளர்த்த வீம்பு அது. அதையும் அண்ணன் என்னைவிட அழகாகச் செய்துவிட்டார்.

பொறாமைக்கு நாசூக்கான வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அது தொடங்கிய இடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏறியவரை மிராசுதார் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு அதிகாரி விசாரித்தார். சாகுபடி செய்வது யார் என்று கேட்டதும் அப்பா, "பெரியவன் கலியபெருமாளுங்க," என்றார். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டி, "இவரு?" என்றார் அதிகாரி. "அவன் படிக்கிறவங்க. சேத்துல எறங்கமாட்டான்." அப்பா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். மேடைப் பேச்சுகளில் மயங்கி எனக்கு அறிவழகன் என்று பெயர் வைத்தவர் அவர். ஆனால் அதிகாரியின் பேனா அண்ணன் பெயரை எழுதிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

மிராசுதார் சும்மா இருக்கவில்லை. அந்தத் தை மாதம் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் வயலை அறுக்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் அப்போது தஞ்சாவூர் கல்லூரி விடுதியில் இருந்தேன். உடனே வரச்சொல்லி அண்ணன் ஆள் அனுப்பினார். பரீட்சை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பரீட்சை மறுவாரம்தான். மறுநாள் காலையில் அண்ணன் வரப்பில் தனியாக நின்று மறித்தார். இடது தோளில் அரிவாள் வெட்டு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் ஒருபக்கம், செங்கொடிக்காரர்கள் மறுபக்கம், யார் பெரிய ஆரஞ்சுப் பை வாங்கி வந்தார்கள் என்று போட்டி. அப்பா அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காலை அவர் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்தக் காயத்தின்மேல் பொறாமை வந்தது.

சில வருடங்களில் மிராசுதார் அலுத்துப்போய் நிலத்தை அண்ணனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குக் குடிபோனார். அப்பா செத்த பதினாறாம் நாள், கருமாதிச் சாப்பாட்டில் இலையின் முன் உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாதி நிலம் வேண்டும் என்று கேட்டேன். "இது வெறும் பேரு எழுதி வந்த நிலம் இல்லடா அறிவு," என்றார் அண்ணன். அவர் கை தன்னையறியாமல் தோளுக்குப் போனது. அவ்வளவுதான் சொன்னார், பரீட்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இலையைத் தள்ளிவிட்டு எழுந்து, "இனிமே இந்த வீட்டுல நான் கை நனைக்கமாட்டேன்," என்றேன். அடுத்த வருடம் கனடா வந்துவிட்டேன்.

ஆக, அண்ணனுக்கு ஹோட்டல் பார்க்க டௌன்டௌனுக்குப் போனேன். முப்பத்தாறு வருடமாக இருக்கும் ஊரில் ஒரு ஹோட்டல் அறையைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நல்லதாகப் பார்த்துக் கொடுத்தால் அவர் சுகமாக இருப்பார். மோசமானதாகப் பார்த்தால் தம்பி லட்சணம் இதுதான் என்று ஊரில் போய்ச் சொல்வார். மூட்டைப்பூச்சி இருப்பதாக நாலு பேர் இணையத்தில் எழுதியிருந்த ஹோட்டலின் வாசல்வரை போய் ஒரு நிமிடம் ஆசையோடு நின்றேன் என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த ஹோட்டல் பளபளப்பாக இருந்தது. ஆனால் சுற்றிலும் வங்கிகள், மாட்டிறைச்சி வாட்டித் தரும் ஒரு ஸ்டேக் கடை, குளிர்ந்த ரொட்டி விற்கும் கடைகள். அண்ணனுக்கு மூன்று வேளையில் ஒரு வேளையாவது சோறு வேண்டும். மூன்றாவது ஹோட்டலிலிருந்து ஒரு தெரு தள்ளி, ஒரு யாழ்ப்பாணத்துக்காரரின் சிறிய சாப்பாட்டுக்கடை இருந்தது. சோறும் மீன்குழம்பும் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அண்ணன் வருகிறார், அவருக்காகத்தான் ருசி பார்க்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"சொந்த அண்ணரோ?" என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப உங்கட வீட்டில இடமில்லையோ?"

மார்கரெட்டிடம் நான் கேட்ட அதே கேள்வி. எனக்கு வாஃபிள் பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ஹோட்டல் வரவேற்பு மேஜையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த வீட்டில் கிழக்கே தலைவைத்துப் படுக்க வேண்டும், போன இடத்தில் மேற்கே. வடக்கு மட்டும் எப்போதும் ஆகாது. கும்பகோணம் லாட்ஜில் நான் மேற்கேதான் தலை வைத்தேன், வேண்டுமென்றே. அண்ணன் இதில் கறாரானவர். அதனால் கட்டில் எந்தத் திசையைப் பார்த்து இருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எல்லாத் திசையிலும் நல்ல காட்சிதான் சார்," என்றாள். "காட்சி முக்கியமில்லை. வடக்கு மட்டும் வேண்டாம். வயதானவர், மனது சங்கடப்படும்," என்றேன். அவளுக்கு ஏதோ புரிந்து, முகம் கனிந்து, கணினியில் தட்டினாள். வடக்குப் பக்கம் கட்டடங்களின் முதுகுதான் தெரியுமாம். வயதானவர் சங்கடப்படக் கூடாது என்று தெற்குப் பக்கம், இருபத்திரண்டாம் மாடியில், ஏரி முழுவதும் தெரியும் அறையை அதே வாடகைக்குக் கொடுத்துவிட்டாள். நான் விளக்கம் சொல்லப் போய், அதிலும் அவருக்குத்தான் யோகம் அடித்தது.

அண்ணன் வந்தார். வேட்டிக்கு மேல் மலர் வாங்கித் தந்த தடித்த கோட்டு. அறைக்குள் நுழைந்ததும், "கெழக்கு எது?" என்றார். கட்டிலின் தலைப்பக்கம் மேற்குச் சுவரில் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஜன்னலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கடலா?"

"ஏரிண்ணே."

"உப்பா?"

"நல்ல தண்ணி. இந்தத் தண்ணியச் சுத்தம் பண்ற எடத்துலதான் நான் வேலை பாத்தேன்."

"மேட்டூர் தெறக்கலன்னு குறுவைய விட்டுட்டு வந்துருக்கேன். இங்க இவ்வளவு தண்ணியும் சும்மாவா கெடக்கு?" என்றார். பிறகு, "என் கண்ணே பட்டுடும்," என்று திரையை இழுத்து மூடினார். என் வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். எனக்கு இனித்தது. அன்று மதியம் யாழ்ப்பாணத்துக் கடையில் அவருக்கு இரண்டு மீன் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

இரண்டு நாளும் ஊர் சுற்றினோம். நன்றாகச் சாப்பிட்டார். என் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. நானும் வீம்பாக இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள்: "வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டீங்களா?"

"ஹோட்டல் கேட்டவரு அவரு."

"அவரு ஹோட்டல் கேட்டாரு. நமக்கு வீடு இருக்குன்னு நீங்க சொன்னீங்களா?"

மூன்றாம் நாள் காலை அவர்கள் கிளம்ப வேண்டும். வசந்தா என்னைக் கேட்காமல் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி எடுத்துக்கொண்டு என்னோடு காரில் ஏறினாள். அறையில் அண்ணனிடம் தூக்கை நீட்டி, "வழிக்கு எடுத்துட்டுப் போங்க மாமா," என்றாள். அண்ணன் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வழிக்கு எதுக்கும்மா?" என்றவர் குளியலறைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார். மலர் தட்டு தேடினாள். அவர் மூடியிலேயே போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீ மொதத் தடவை வந்து லாட்ஜுல தங்கிட்டுப் போனல்ல? மறுநாளு நான் அந்த மெஸ்ஸுக்குப் போனேன்."

"எதுக்குண்ணே?"

"உங்க அண்ணி சமையல விட அங்க அப்படி என்ன இருக்குன்னு பாக்கத்தான். வத்தக்கொழம்பு நல்லாத்தான் வச்சிருந்தான். எனக்குத்தான் பொறுக்கல. உனக்குச் சோறு போட்ட அந்த ஆளப் பாத்தா ரெண்டு அறை விடலாம் போல இருந்துச்சு." இன்னொரு கவளம் எடுத்தார். "இங்க நீ வாங்கன்னு கூப்புடுவன்னு ரெண்டு நாளாப் பாத்தேன்."

எதையோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"அண்ணே, அன்னிக்கு எனக்குப் பரீட்சை இல்ல."

"தெரியும். போன ஆளு விடுதியில விசாரிச்சுட்டுத்தான் வந்தான்." விரல்களை வழித்தார். "அப்பாகிட்ட நான் சொல்லல. நீ உக்காருடா."

உட்கார்ந்தேன். தூக்கின் மேலடுக்கில் எனக்கும் கொஞ்சம் தயிர்ச்சோறு வைத்தார். ஐம்பது வருடமாக அவர் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அப்படி ஒரு மனது எனக்கு வாய்க்கவில்லையே என்று அந்தச் சோற்றை விழுங்கும்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார். "அடுத்த தடவை வந்தா லாட்ஜெல்லாம் பாக்காத. வீட்டுலயே தங்கு. கெழக்கத் தலைவச்சுப் படு," என்றார். நான் தலையாட்டினேன். அதையும் அவர்தான் முதலில் சொன்னார்.

அறைச் சாவி என்னிடம் இருந்தது. பதினொரு மணிக்குள் திருப்பிக் கொடுத்தால் போதும். வசந்தாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மேலே போனேன். ஒன்றும் இல்லை. திரையைத் திறந்தேன், ஏரி அப்படியே கிடந்தது. அண்ணன் படுத்த கட்டிலில் கொஞ்ச நேரம் சாயலாம் என்று தோன்றியது. தலையணையை எடுத்தேன். போன இடம் என்றால் மேற்கே வைக்க வேண்டும். ஆனால் இது நான் முப்பத்தாறு வருடம் வாழ்ந்து, தண்ணீர் சுத்தம் செய்து கொடுத்த ஊர். சொந்த ஊர் என்றால் கிழக்கே வைக்க வேண்டும். அப்படி வைத்தால், ஊர் வீட்டில் அண்ணன் இப்போதுதான் எனக்குத் திருப்பிக் கொடுத்த கிழக்கு என்ன ஆவது? என் வீட்டில் நான் எந்தப் பக்கம் தலை வைக்கிறேன் என்று யோசித்தேன். அறைக்குள் கட்டில் எந்தப் பக்கம் அடங்கியதோ அந்தப் பக்கம்தான். திசையை நான் பார்த்ததே இல்லை. கீழேயிருந்து வரவேற்பு மேஜைப் பெண் போன் செய்து, அறையில் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டபோது, நான் கட்டிலின் நடுவில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.