ஓநாய்க்குக் கொடுத்த தமிழ்

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போகும்போது நான் வளையல் போடுவதில்லை. கொலுசு கிடையாது, கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் கூடாது. படங்களுக்குத் தமிழ்க் குரல் பதிவு செய்யும் அறையில் மைக் மூச்சுச் சத்தத்தையே பிடித்துவிடும். சேலை மடிப்பு உரசினால் பின்னால் யாரோ சருகு கூட்டுவது போலக் கேட்கும். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, வயிறு இரைவதும் பதிவாகிவிடும். அதனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கூடுதலாக இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, வெறுங்கையோடு தாராவியிலிருந்து கிளம்புவேன். ஒருமுறை அந்தக் கோலத்தில் இருக்கும்போது ஊரிலிருந்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்கும் முன்பே கையைப் பார்த்துவிட்டாள். "என்னட்டி, கை மூளியாக் கெடக்கு?" என்றாள். வேலைக்குப் போகிறேன் என்றேன். வளையல் போடக் கூடாது என்று சொல்கிற வேலை என்ன வேலை என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. மும்பையில் இத்தனை வருடத்தில் என் கையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அதில் ஒரு வசதியும் இருக்கிறது, கொஞ்சம் வெறுமையும் இருக்கிறது.

வாரநாட்களில் எனக்கு வாஷியில் வேலை. சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, ஹார்பர் லைனில் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறது, ஆள் எப்போது வருவார் என்பது போன்ற குறைகள். சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர், நான் எந்த ஊர்க்காரி என்று போனில் கேட்பவருக்குத் தெரியவே கூடாது என்றார். அப்படிப் பேசுவதற்கு நியூட்ரல் என்று பெயர். எனக்குத் திருநெல்வேலிக்குத் தெற்கே. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். கஷ்டப்பட்டுப் பழகிக்கொண்டேன். இப்போது என்னிடம் இரண்டு தமிழ் இருக்கிறது. ஒன்று வாஷிக்கு, இன்னொன்று வீட்டுக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாஷித் தமிழும் தானாகக் கழன்றுவிடும்.

வீட்டில் என் மகள் தன்வி இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளிடம் நான் பேசுவது முழுக்க ஊர்த் தமிழ்; அவள் எனக்குப் பதில் சொல்வது முழுக்க இந்தி. "சாப்ட்டியாட்டி?" என்றால் "கா லியா" என்பாள், சாப்பிட்டாச்சு என்று. என் வீட்டுக்காரர் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், தோல் பைக் கடை வைத்திருக்கிறார். அவரும் அவளிடம் பம்பாய் இந்திதான். இதில் எங்கள் யாருக்கும் சிரமம் ஒன்றும் இல்லை. ஊரிலிருந்து விருந்தாளி வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து விழிக்கும்போதுதான் எனக்கே உறைக்கும். திட்டி, மிரட்டித் தமிழ் பேச வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு பயம் உண்டு. நான் பேசுவது அவள் காதில் பேச்சாக விழுகிறதா, இல்லை குக்கர் விசில் மாதிரி வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகத்தான் விழுகிறதா? கூட்டத்தில் நான் பேசினால் அது அம்மா பேச்சு என்று அவளுக்குத் தெரியுமா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செம்பூர் ஸ்டுடியோவுக்கு ரஷ்யப் படம் வந்தது. சோவியத் காலத்தில் எடுத்த கார்ட்டூன், பாட்டுப் படம். இந்த மாதிரிப் பழைய படங்களை யாரோ மொத்தமாக வாங்கி, பிள்ளைகள் போனிலும் டிவியிலும் பார்ப்பதற்காக நம் மொழிகளில் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆட்டம்மா காட்டுக்கு மேயப் போகிறாள். திரும்பி வந்து வாசலில் நின்று பாடுவாள். பாட்டைக் கேட்டுத்தான் குட்டிகள் கதவைத் திறக்க வேண்டும். ஓநாய் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்து அதே பாட்டை அம்மா மாதிரிப் பாடிப் பார்க்கிறது. இந்தப் படத்தில் யாரும் சாதாரணமாகப் பேசுவதே இல்லை. ஓநாய் பசிக்கிறது என்பதைக்கூடப் பாட்டாகத்தான் சொல்கிறது. நான் ஆட்டம்மா. தன்வியிடம் சொன்னதும் அவள் மாடி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். "மேரி மம்மி பக்ரீ பனேகி," என் அம்மா ஆடாகப் போகிறாள் என்று. பக்கத்து வீட்டு ரேஷ்மா நம்பவில்லை. படம் வந்ததும் காட்டுகிறேன் என்று தன்வி சவால் விட்டிருந்தாள். இனி அவள் மானமும் என் தொண்டையில்தான் இருந்தது.

ரஷ்யா என்றதும் நம் ஊரில் பலருக்கு வழவழப்பான தாளில் மலிவாக வந்த புத்தகங்கள் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தது பாம்புப் பஞ்சாங்கம் மட்டும்தான். எனக்கு ரஷ்யா என்றால் கூடங்குளத்தில் வேலை பார்க்க வந்து பக்கத்தில் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள். சந்தையில் அவர்களைப் பார்ப்போம். ஒருநாள் ஒரு ரஷ்யக்காரி தக்காளிக் கடை முன்னால் நின்று தன் மகளிடம் ரஷ்ய மொழியில் என்னவோ சொன்னாள். ஐந்து வயது இருக்கும் அந்தப் பிள்ளை, நிமிர்ந்து பார்க்காமல், "எனக்கு வேண்டாம், நீ போ" என்று தமிழில் சொன்னது. சந்தையே சிரித்தது. கடைக்காரர் பிள்ளை கையில் ஒரு கொய்யாப் பழத்தைக் கொடுத்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அதே ரஷ்ய மொழியில், முன்பைவிட மெதுவாக, அதையே திரும்பச் சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எதற்காகத் திரும்பச் சொன்னாள் என்று மட்டும் இப்போது தெரிகிறது.

பதிவு நாளன்று அறையில் ரஷ்ய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. டைரக்டர் சாவந்த் மராட்டிக்காரர். கையில் இந்தி எழுத்துப் பிரதி வைத்திருந்தார். சென்னையிலிருந்து ஒரு மேடம் வீடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார், தமிழ் சரியா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. என் ஒரு காதில் ரஷ்யப் பாட்டு ஓடியது. திரையில் ஆட்டம்மா வாசலில் வந்து நின்றாள், மடி நிறையப் பாலோடு. பாட்டை ஆரம்பித்தேன். அந்த இடத்தில் எனக்கு வாஷி மறந்துவிட்டது. பிள்ளையைக் கூப்பிடும்போது வாயில் எது வருமோ அதுதான் வந்தது. எழுதியிருந்த வரிகளை விட்டுவிட்டு, "ஏட்டி, கதவத் தொறங்கட்டி, அம்மா வந்துட்டேம்லா, பாலு கொண்டாந்திருக்கேம்லா" என்று பாடி முடித்தேன். சாவந்துக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"ஃபீல் நல்லா இருக்கு," என்றார் சென்னை மேடம். "ஆனா ஊர் வாசனை தூக்கலா இருக்கே. குட்டிங்க வாய்ஸ் எல்லாம் இங்க சென்னைப் பசங்க ஏற்கனவே பாடிட்டாங்க. அம்மா ஒரு மாதிரி பேசி, புள்ளைங்க வேற மாதிரி பேசினா ஒட்டாதுங்க."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்கு வந்து பார்த்தவர் இல்லையே அவர். சரி மேடம் என்றேன்.

"அம்மாவ நியூட்ரலா திரும்பப் பாடிடுங்க. இப்பப் பாடினத வேஸ்ட் பண்ண வேண்டாம். ஓநாய் முக்காடு போட்டுட்டு வர்ற சீனுக்கு வச்சுக்கலாம். குட்டிங்க கேட்ட உடனே இது நம்ம அம்மா இல்லன்னு கண்டுபிடிக்கணும்ல? கரெக்டா இருக்கும்."

சாவந்த் என்னிடம் "க்யா ஹுவா?" என்றார். என்ன ஆயிற்று என்று நான் இந்தியில் சொன்னேன். "தமிழ் தோ தமிழ் ஹை நா?" என்றார். தமிழ் தமிழ்தானே, இதில் என்ன இரண்டு? எனக்கு விளக்கத் தெம்பு இல்லை. நான் சம்பளத்துக்காக முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு வேஷத்துக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று தட்டிக்கொடுத்து, சூடாக சாபுதானா வடை, நம் ஜவ்வரிசி வடைதான், வரவழைத்தார். தின்றேன். பிறகு ஆட்டம்மாவை வாஷித் தமிழில் பாடினேன். "கண்மணிகளே, கதவைத் திறங்கள், அம்மா வந்தேன், பால் கொண்டு வந்தேன்." ஒரே டேக்கில் ஓகே ஆனது. எனக்கு வருத்தமாக இருந்தது. பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற பேச்சை, பிள்ளைகள் நம்பக் கூடாத பேச்சாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தது போல இருந்தது.

வெளியே பெஞ்சில் படத்துக்குத் தமிழ் வரிகள் எழுதியவர் உட்கார்ந்திருந்தார், ஸ்டுடியோவில் எல்லோருக்கும் மாமா. மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கேயே. வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பொழுதுபோகாமல் எழுத வந்தவர். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அவர் தமிழும் என் தமிழும் சந்தித்துக்கொள்வது இந்த பெஞ்சில் மட்டும்தான். நடந்ததைச் சொன்னேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வாங்கோ போங்கோ எல்லாத்தையும் வெட்டியே போட்டுட்டா. உங்களுக்காவது ஓநாய் கெடச்சுது. எனக்கு ஒரு நரிகூடக் கெடைக்கல," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் தன்வியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் செம்பூரிலிருந்து வீடு வரை என் யோசனையாக இருந்தது. சொல்லவில்லை. எப்படியும் இரண்டும் என் குரல்தானே, ஆட்டம்மாவை எந்தத் தமிழில் கேட்டாலும் அடையாளம் தெரியாதா என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

படம் வந்தது. ரேஷ்மாவும் அவள் தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள். தன்வி டிவிக்கு எதிரே தரையில், மற்றவர்களுக்குக் கொஞ்சம் முன்னால், சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். ஆட்டம்மா வந்தாள், பாடினாள், "கண்மணிகளே, கதவைத் திறங்கள்." குட்டிகள் ஓடிப்போய்த் திறந்தன. தன்வி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"யே தும் நஹீ ஹோ," என்றாள். இது நீ இல்லை.

"நாந்தாம்ட்டி," என்றேன்.

"நஹீ. யே கோயி டீச்சர் ஹை." யாரோ டீச்சர் என்கிறாள். ரேஷ்மா தம்பியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன்வியின் கழுத்து சிவந்துபோனது. அவள் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. நான் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தேன். டிவியை நிறுத்திவிடலாமா என்றுகூட ரிமோட்டைத் தேடினேன்.

அதற்குள் ஓநாய் வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வாலை மறைத்துக்கொண்டு கதவைத் தட்டியது. "ஏட்டி, கதவத் தொறங்கட்டி, அம்மா வந்துட்டேம்லா..."

தன்வி எழுந்து நின்றாள். ரேஷ்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. திரைக்குள் குட்டிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுத்தமான தமிழில் பாடின. போ, போ, நீ எங்கள் அம்மா இல்லை, எங்கள் அம்மா இப்படிப் பேச மாட்டாள். தன்வி டிவிக்கு மிக அருகில் போய், இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி, தொறங்கட்டி," என்றாள், என் மகள், தமிழில். "அது எங்க அம்மாதாம்ட்டி."

குட்டிகள் இன்னொரு தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டன.