உம்மா அனுப்பிய கறுப்பு வெள்ளைப் படம்

போன மாதம் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய ஹொலிவூட் படம். ஒவ்வொரு காட்சியாகத் துடைத்துச் சுத்தம் செய்து மறுபடியும் டீவிடியாக வெளியிட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் கீழே தங்கள் கருத்துகளை எழுதியிருந்தார்கள். மழைக் காட்சியில் ஒவ்வொரு துளியும் தெரிகிறதாம், ஒருவருக்குப் பரம சந்தோஷம். இசை முன்னைப் போல இல்லை, பழைய டீவிடியே மேல் என்று இன்னொருவர். ஒரு பெண், தபாலில் வந்த பெட்டி நசுங்கியிருந்த கோபத்தைப் படத்தின் மேல் காட்டி, ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் முடிவைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி ஏன் கப்பலில் ஏறவில்லை? அது சரியா, பிழையா? முகம் தெரியாத மனிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். நானும் எழுதலாமென்று இரண்டு தரம் தொடங்கி, இரண்டு தரமும் அழித்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எங்களுடையது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். நான் பிறந்தது, வந்து குடியேறிய பள்ளிவாசல்துறை என்ற கரையோர ஊரில். வாப்பா கட்டத் தொடங்கிய கல்வீடு நெஞ்சளவு சுவரோடு பல வருடங்கள் நின்றது. அதை முடிக்கத்தான் உம்மா போனார். வாப்பா பாலாவியில் உப்பு லொறி ஓட்டினார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். அதனால் என்னை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சாச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். சாச்சி உம்மாவின் தங்கை. அவருடைய புருஷன், சாச்சா, கடலுக்குப் போகிறவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு உம்மா போன் எடுப்பார். அந்த நேரம் அவருடைய எஜமானியம்மா உறவினர் வீட்டுக்குப் போயிருப்பாராம். சாச்சாவின் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதிரையின் மேல் வைப்போம். சாப்பிட்டியா என்று உம்மா கேட்பார். ஓம் என்பேன். ஓதப் போறியா? ஓம். படிக்கிறியா? ஓம். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. போனில் காற்றுப் போல ஒரு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வாரம் முழுக்க அந்த அழைப்புக்காகக் காத்திருப்பேன். அது வந்ததும் எப்போது முடியுமென்று இருக்கும்.

ஊர்க்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது உம்மா ஒரு பார்சல் கொடுத்து அனுப்பினார். பால்மா, சம்பூ, ஒரு போர்வை. போர்வைக்குள் சுற்றி இந்த டீவிடி. எஜமானியம்மா அதைவிட நல்ல பதிப்பொன்று வாங்கிவிட்டு, பழையதைக் குப்பையில் போடச் சொன்னாராம். உம்மா எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். அட்டையில் ஒரு பெண் கையில் பெட்டியோடு துறைமுகத்தில் நின்றாள்.

அன்று பின்னேரம் வாப்பாவும் நேரத்தோடு வந்துவிட்டார். எல்லோருமாக உட்கார்ந்தோம். படம் தொடங்கியதும் சாச்சா எழும்பிப் போய் டீவிக்குப் பின்னால் இருந்த வயர்களைத் திருகத் தொடங்கினார். கலர் வராமல் போனது வயரின் குற்றம் என்பது அவருடைய முடிவு. கீழே அரபு எழுத்து ஓடியது. மதரசாவில் ஓதுகிற பிள்ளைதானே, வாசித்துச் சொல் என்று வாப்பா சொன்னார். எனக்கும் பெருமைதான். ஆனால் மேலும் கீழும் இடுகிற குறிகள் இல்லாத அரபை எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்த எழுத்துகளைப் பிடித்துப் பிடித்துச் சத்தமாக ஓதினேன். “தலைய மூடிட்டு ஓது புள்ள,” என்றார் சாச்சி. ஒரு வெள்ளைக்காரன் ஒரு வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் முக்காடு போட்டுக்கொண்டு ஓதினேன்.

பாஷை விளங்காவிட்டாலும் பாதிக் கதை விளங்கியது. புருஷன் இல்லாத ஒருத்தி. சின்ன மகளைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரியாக இருக்கிறாள். மாவு குழைத்துக்கொண்டே பாடுகிறாள். மழை பெய்கிறது. பல வருடம் போகிறது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறாள். அங்கே ஒரு கடிதத்தை வாசிக்கிறாள். கப்பல் போய்விடுகிறது. அவள் போகவில்லை.

“கலரும் இல்ல, சண்டையும் இல்ல. இதயா அவ்வளவு தூரத்தில இருந்து அனுப்பின?” என்றார் சாச்சா. இவ்வளவு சமைத்தும் அவளுடைய உடுப்பில் ஒரு கறைகூட இல்லையே என்பது சாச்சியின் குறை. வாப்பா நல்ல படம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வேலியோரமாக வெகுநேரம் நின்றார். பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆங்கில டீச்சர் அதை இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்தார். தமிழில் எழுத்துப் போட்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, கடிதத்தில் என்ன இருந்தது என்பது வரை முழுக் கதையையும் சொல்லித் தந்தார். எங்கள் வீட்டில் கடைசிவரை கதை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு அப்படியொரு கர்வம்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல்தடவையாக எங்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் இருந்தது. நான் எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கொப்பியில் எழுதி வைத்து, உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாச்சா வயர் திருகிய கதையைக் கேட்டு உம்மா சிரித்த சிரிப்பில் கதிரையெல்லாம் அதிர்ந்தது போல இருந்தது. “அவ மாவு குழைக்கிற இடம் பாத்தியா மகள்? உன்ட சாச்சி ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரியே இல்லயா?” என்று கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் படம்தான். சமையலறையின் செம்புச் சட்டிகள், மழை, அந்தப் பாட்டு. பாட்டை உம்மா மெல்லிய குரலில் பாடியும் காட்டுவார்.

பிறகு ஒரு வெள்ளி, “கடைசியில என்ன நடக்குது, சொல்லு பாப்பம்,” என்றார்.

டீச்சர்மார் கேட்பது போலவே இருந்தது. தனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரியுமா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். “உங்களுக்குத் தெரியுந்தானே!” என்று சொல்லி விட்டுவிட்டேன். அடுத்த வெள்ளியும் கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை வேறு விதமாகக் கேட்டார்.

“அவ ஊட்டுக்குப் போய்ச் சேந்துட்டாதானே, மகள்?”

“பிழை உம்மா, பிழை! அவ போகல்ல!” என்று கத்தினேன். “உன்ட உம்மாக்கு முட்டை!” என்று சாச்சா சொல்ல, எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

“போகல்லயா?” என்றார். “ஏன் போகல்ல?”

“நீங்கதானே பாத்தீங்க. யோசிச்சு வைங்க. அடுத்த வெள்ளி கேப்பன்.”

அடுத்த வெள்ளி உம்மா படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்றார். ஓதப் போறியா என்றார். என் கேள்விக்குப் பதிலை யோசித்தீர்களா என்று நான் கேட்டபோது, நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். படம் அவருக்கு அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். மறுபடியும் அந்த இரைச்சல்தான். நாளாக ஆக, ஸலாம் சொல்லிவிட்டு போனைச் சாச்சியிடம் தள்ளிவிட்டுக் கரைக்கு ஓடிவிடுவேன். இழுத்து வைத்த வள்ளங்களின் நிழலில் தனியாக உட்கார்ந்திருப்பேன். உம்மாவின் முகத்தை நினைக்கப் பார்ப்பேன். அந்த நடிகையின் முகம்தான் வரும்.

உம்மா அந்தப் படத்தை எப்படிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆகின. நான் கலியாணம் முடித்த பிறகு ஒருநாள், துணிக்கு அயர்ன் போட்டுக்கொண்டே வேறெதையோ சொல்வது போலச் சொன்னார். அந்த வீட்டில் எஜமானியம்மா மத்தியானங்களில் படம் பார்ப்பாராம். உம்மா நடையில் நின்று உடுப்புகளுக்கு அயர்ன் போடும்போது கதவிடுக்கால் திரை தெரியும். பாதியில் அந்த வீட்டுக் கிழவருக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம் வந்துவிடும். அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தாராம். மூன்று தரமும் முதல் பாதி. முடிவு என்னவென்று எஜமானியம்மாவிடம் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் முடிந்ததும், உம்மாவை இன்னும் ஒரு தவணை இருக்கச் சொன்னார்களாம். உம்மா மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். விமான நிலையத்தில் நான் சாச்சிக்குப் பின்னால் நின்றேன். உம்மா மெலிந்து, குரல் தாழ்ந்து, யாரோ விருந்தாளி போல இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பழக்கத்தில் நான் சாச்சி வீட்டிலேயே படுத்தேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு கிழமை கழித்து, ஒரு மத்தியானம், படம் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். உம்மா கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். சாச்சி கதிரையைக் காட்டியும் ஏறவில்லை. நான் பாயில் சாச்சியின் மடியில் தலை வைத்துக்கொண்டேன். அவருடைய விரல்கள் வழக்கம் போல என் தலையைக் கோதின. மாவு குழைக்கும் இடத்தில் உம்மா கூடவே மெல்லப் பாடினார். பாதி தாண்டியதும் பாட்டும் பேச்சும் நின்றுவிட்டன. துறைமுகம் வந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தாள்.

“அதில என்ன எழுதியிருக்கு?” என்று உம்மா கேட்டார்.

யோசித்து வையுங்கள் என்று சொன்ன கேள்விக்குப் பதில் சொல்லுகிற நேரம் எனக்கு வந்துவிட்டது. டீச்சர் சொல்லித் தந்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

“அவட மகள் எழுதியிருக்கா. ‘நான் சாச்சியோட சந்தோஷமா இரிக்கன். எனக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க எனக்காக வரத் தேவல்ல’ என்டு. அதாலதான் அவ கப்பல்ல ஏறல்ல, உம்மா.”

உம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. என் தலைமயிரில் ஓடிக்கொண்டிருந்த சாச்சியின் கை நின்றுவிட்டது.

“முதல்லயே பாத்த படந்தானே உம்மா, அதுக்கு ஏன் அழுறீங்க?” என்று கேட்டேன்.

“ஓம் மகள்,” என்றார். “பாத்த படந்தான்.”

சாச்சி என் தலையை மெதுவாகத் தூக்கிவிடப் பார்த்தார். “எழும்பு புள்ள. உம்மாக்கிட்ட போய் இரி.”

கப்பல் புறப்படுகிற இடம் இன்னும் வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, தலையை அந்த மடியில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன்.